என் வலது காலும் என்னிடம் படித்தவர்களும்

நீச்சல் சொல்லிக்கொடுப்பது, உடம்பில் முக்கால்வாசியை ஊருக்குக் காட்டிக்கொண்டே மரியாதையையும் எதிர்பார்க்கிற தொழில். டியூஷன் வாத்தியார் தப்பு எழுதினால் டஸ்டரால் அழித்துவிடலாம். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிடலாம். நாங்கள் ஈரத் துண்டோடு நின்று முழிக்க வேண்டியதுதான். எதையாவது யாருக்காவது சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவராக நீங்கள் இருந்தால், இதைக் கொஞ்சம் இரக்கத்தோடு படியுங்கள்.

வார நாட்களில் நான் மலாக்காவில், ஆயர் குரோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவன். சனி, ஞாயிறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் குளத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துகிறேன். தவளை நீச்சல்தான் எனக்குப் பேர் வாங்கித் தந்தது. ஆங்கிலத்தில் பிரஸ்ட்ஸ்ட்ரோக். அக்காமார்களிடம் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வராது. தவளை என்றே சொல்லிவிடுவேன்.

மேசை மேல் ஒரு தவளை

தவளை நீச்சலில் வேகமெல்லாம் காலில்தான் இருக்கிறது. முட்டியை மடக்கி, குதிகாலைப் பின்பக்கம் கொண்டுவந்து, பாதத்தை வாத்து மாதிரி வெளியே திருப்பி, தண்ணீரை வளைத்துத் தள்ளி, இரண்டு காலையும் சேர்க்க வேண்டும். இதைத் தண்ணீருக்குள் செய்து காட்டினால் யாருக்கும் புரியாது. அதனால் குளத்தோரம் இருக்கிற சிமெண்டு மேசையில் குப்புறப் படுத்துச் செய்து காட்டுவேன்.

ஒரு சனிக்கிழமை அப்படிப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, "மடக்கு, திருப்பு, தள்ளு, சேர்" என்று உதைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால், மேல்மாடியில் குடியிருக்கும் ஒரு மலாய்க்கார அம்மா, மரியாதையாக மாக்சிக் என்று நாங்கள் கூப்பிடுகிறவர், காய்கறிப் பையோடு பதறிப்போய் நிற்கிறார். எனக்கு வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று என் மாணவர் கணேசனிடம் மலாயில் கேட்கிறார். கணேசன் லாரி கம்பெனியில் கிளார்க், நல்ல மனுஷன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி தாழ்ந்த குரலில் சொன்னார்: "இல்ல மாக்சிக், இவர்தான் எங்க கோச்."

சும்மா இருக்கும் பாடம்

செல்வி அக்கா ஜாசின் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கேன்டீன் நடத்துகிறார். என் சொந்த அக்காவைவிட மூத்தவர். முட்டி வலிக்கு நீந்தச் சொன்னாராம் டாக்டர். நீந்தத் தெரியும், ஆனால் முன்னால் போக மாட்டார். கையும் காலும் ஒரே நேரத்தில் அடிக்கும். தண்ணீர்தான் நாலாபக்கமும் போகும், அக்கா நின்ற இடத்திலேயே இருப்பார்.

அவருக்கு நான் சொன்ன வைத்தியம் ஒன்றுதான். கையை இழுத்து மூச்சை எடுங்கள், பிறகு காலை உதையுங்கள், உதைத்ததும் கையை நீட்டிக்கொண்டு ஒரு நொடி எதுவும் செய்யாமல் வழுக்கிப் போங்கள். அந்த ஒரு நொடிதான் அவருக்கு வரவே இல்லை. எத்தனையோ வாரம் ஆயிற்று. ஒரு நாள் சட்டென்று வந்தது. நீட்டிய கையோடு குளத்தின் பாதித் தூரம் மிதந்துபோய் எழுந்தார். மூக்கில் தண்ணீர் வழிய என்னைப் பார்த்துச் சொன்னார்: "கோச், காலையில அடுப்பு மூட்டுனதுலேருந்து நான் சும்மா இருந்ததே இல்ல. அதுக்கும் ஒரு பாடம் இருக்கும்னு இப்பத்தான் தெரியுது."

மூன்று வலது கால்கள்

இந்த வெற்றியில் எனக்குத் தலை கனத்துவிட்டது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு கிளப்பில் போட்டி வைத்தார்கள். செல்வி அக்கா, கணேசன், அதே வகுப்பிலிருந்த ஆசிரியை தேவகி மூவரின் பேரையும் நானே கொடுத்தேன். அக்கா கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டார். ஜொகூரில் வேலை செய்யும் மகள் ஏஞ்சலினை வரவழைத்தார். அவருடைய சர்ச்சிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா இரண்டாவதாக வந்து சுவரைத் தொட்டார். நான் துள்ளினேன். ஓரத்தில் நின்ற நடுவர் பாதி வழியிலேயே தப்பு என்று கையைத் தூக்கிவிட்டதை நான் கவனிக்கவில்லை.

ஒலிபெருக்கியில் அக்கா பேரைச் சொல்லி, தகுதி நீக்கம் என்றார்கள். சர்ச் ஆட்களுக்கு அந்த வார்த்தை சரியாகப் புரியாமல் கைதட்டிவிட்டார்கள். அடுத்து தேவகி நீந்தினார், அவருக்கும் அதே. ஆண்கள் பிரிவில் கணேசன், அவருக்கும் அதே. மூன்றாவது தடவை ஒலிபெருக்கி கரகரத்தபோது நான் ஷூ கயிற்றைக் கட்டுவது போலக் குனிந்துகொண்டேன். காலில் இருந்தது சிலிப்பர்.

நடுவர் ஒரு சீனப் பெண்மணி. என்னைத் தேடிவந்து, யாரும் கேட்காத தூரத்துக்கு அழைத்துப்போனார். கோபமே இல்லை, உண்மையான அக்கறையோடு மலாயில் கேட்டார்: "கோச், உங்க ஆளுங்க மூணு பேருக்கும் வலது கால்ல எப்பவாவது அடிபட்டுச்சா?"

மீன் வரும்வரை

ஜெயித்தால் கொண்டாட உம்பாய் என்ற ஊரில் சுட்ட மீன் சாப்பிடலாம் என்று முன்பே கடையில் மேசை சொல்லி வைத்திருந்தேன். போகாமல் இருக்க முடியவில்லை. கடற்கரைக் கடையில் நீள மேசை போட்டு, எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். அக்கா தன் ஈரத் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். எப்போதோ காய்ந்துபோன தலை. அதைப் பார்க்கத் தாங்காமல் நான் வாயைத் திறந்தேன். "அந்த நடுவர் ரொம்ப கறாருக்கா. அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க" என்றேன்.

ஏஞ்சலின் கைப்பேசியை மேசையில் வைத்தாள். அம்மா நீந்தியதைப் படம் எடுத்திருந்தாள். இடது பாதம் வாத்து மாதிரி அழகாக வெளியே திரும்புகிறது. வலது பாதம் திரும்பவே இல்லை, பந்தை உதைப்பது போல புறங்காலால் தண்ணீரைத் தள்ளுகிறது. போட்டியில் இரண்டு பாதமும் வெளியே திரும்பியாக வேண்டும், இல்லாவிட்டால் தகுதி நீக்கம். "அம்மா, இந்தக் கால் ஏன் இப்படி லா?" என்று கேட்டாள். தேவகி தன் கைப்பேசியை எடுத்தார். வகுப்பில் நான் நீந்திக் காட்டியதை வீட்டில் பார்த்துப் பழக எடுத்து வைத்திருந்தாராம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினார்கள். என் வலது கால் அச்சு அசல் அதே மாதிரி.

சின்ன வயதில் எஸ்டேட் பம்பு ஹவுஸ் பக்கத்துக் குளத்தில் யாரும் சொல்லித்தராமல் நானாக நீந்தப் பழகியவன். லைப்கார்டு பரீட்சையில்கூட என் காலை யாரும் பார்க்கவில்லை, நானும் பார்த்ததில்லை. பொய் சொன்ன வாய் வேறு இன்னும் காயவில்லை. மேசைக்குக் கீழே வலது காலை நாற்காலிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அக்கா இரண்டு படத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, குத்தலே இல்லாமல் சொன்னார்: "அப்படின்னா நீங்க சொல்லிக்குடுத்தத சரியாத்தான் கத்துக்கிட்டிருக்கேன், கோச்."

இன்னொரு குளம்

அன்றைக்குப் பிறகு வீட்டில் சோபாவில் குப்புறப் படுத்துப் பழகினேன். கால் கேட்கவில்லை. மனைவியிடம் ஹார்டுவேர் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஊரின் அந்தப் பக்கம் இருக்கிற வேறொரு குளத்துக்குப் போனேன். அங்கே ஐஷா என்கிற இளம் கோச் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று கேள்வி. யாரும் அடையாளம் காணக்கூடாதென்று காரிலேயே நீச்சல் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு தடவை நீந்தச் சொல்லிப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் என்னைப் புதியவர்கள் பக்கம் அனுப்பினாள்.

அங்கே ஒருவர் மிதவைப் பலகையைக் கட்டிப்பிடித்து உதைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். இருவரும் தெரியாத ஆள் மாதிரியே அந்தக் கரை வரைக்கும் போனோம். சுவரைப் பிடித்ததும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். கணேசன். மூன்று வாரமாக உடம்பு சரியில்லை என்று என் வகுப்புக்கு வராமல் இருந்தவர். குரலை இறக்கிச் சொன்னார்: "கோச், நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களும் என்னைப் பத்திச் சொல்லிடாதீங்க."

அக்கா பிடித்த கால்

ஐஷா சொல்லித்தந்ததை அப்படியே கொண்டுவந்து என் வகுப்பில் சொன்னேன். யாரிடம் கற்றேன் என்பதையும் சொன்னேன், கணேசன் பேரை மட்டும் விட்டுவிட்டேன். தேவகி அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. அவர் எங்கே போகிறார் என்று நான் விசாரிக்கவும் இல்லை. செல்வி அக்கா தங்கிவிட்டார். கேன்டீனில் ஸ்டூல் போட்டு வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் வலது பாதத்தை வெளியே திருப்பி வைத்துக்கொண்டே உரிப்பாராம். அவர் கால் திருந்திவிட்டது. என் கால் முரண்டு பிடித்தது. நல்லதைப் புதிதாகப் பழகிவிடலாம். உடம்பில் ஊறிப்போனதை எடுப்பதுதான் கஷ்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து, எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாக உதைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ என் வலது பாதத்தைப் பிடித்தார்கள். திரும்பினால் செல்வி அக்கா. மூத்தவர் என் காலைப் பிடிப்பதாவது என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். குளத்தோரம் இரண்டு மூன்று குடும்பங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. அக்கா மறுபடியும் எட்டிப் பிடித்தார். அதுவரை என்னைக் கோச் என்றே கூப்பிட்டு வந்தவர், அன்றைக்கு அந்த வார்த்தையை விட்டுவிட்டார்: "வெக்கப்பட்டா கால் இறுகிக்கிது தம்பி. லூசா விடுங்க, நான் திருப்புறேன்."

நடுவரின் கை

அடுத்த போட்டிக்கு அக்கா தானாகவே பேர் கொடுத்தார். இந்த முறை சர்ச் வேன் இல்லை, மகளும் அக்காவின் கணவரும் மட்டும். நான் அக்காவைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் நடந்துவந்த நடுவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அக்காவின் பக்கம் வந்து நின்றது. பேனாவை மாற்றிப் பிடிக்க ஒரு தடவை அசைந்தது. ஆனால் மேலே போகவில்லை. அக்கா கடைசிக்கு முந்தி வந்தார். பலகையில் அவர் பேரும் நேரமும் விழுந்ததை ஏஞ்சலின் படம் எடுத்தாள். அக்கா தண்ணீரைவிட்டு ஏறாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துண்டோடு ஓடிப்போய் நின்றேன். வாழ்த்துச் சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் இரண்டையும் கலந்து ஏதோ உளறினேன். அதற்குள் செர்காமிலிருந்து வந்த ஒரு பெண்மணி, வேறு யாருடைய போட்டியையோ பார்க்க வந்தவர், பக்கத்தில் வந்தார். அக்கா வழுக்கிப் போனது அழகாக இருந்ததாம். "நீங்கதான் இவங்க கோச்சா? எனக்கும் சொல்லிக்குடுப்பீங்களா?" என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், அக்கா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்காகப் பதில் சொன்னார்: "நல்லா சொல்லிக்குடுப்பாரும்மா. காலை மட்டும் என்கிட்ட கேட்டுக்க."

இப்போது என் வகுப்பில் இடுப்புக்கு மேலே நான் கோச், இடுப்புக்குக் கீழே செல்வி அக்கா கோச்.