மகளின் கல்லூரிக்குத் தாழ்ப்பாள் போடப் போனேன்

எனக்கு இரட்டைப் பிள்ளைகள். மகனும் மகளும் முட்டுக்காடு பக்கம் ஒரே கல்லூரியில் படிக்கிறார்கள். மகனைப் பொறுத்தவரை உலகத்தில் எதுவுமே தப்பாக நடக்காது. காலையில் நாஸ்தா தொடமாட்டான், ரோட்டோரம் ஈ மொய்க்கிற சர்பத்தை ரசித்துக் குடிப்பான். கேட்டால், "ஒண்ணும் ஆவாது நைனா" என்பான். மகள் நேர்மாறு. மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரமாட்டாள், விழுந்துவிடுமாம். கை கழுவி, கீரை தின்று, பெரிய தண்ணீர் பாட்டிலோடு கிளம்புவாள். அதனால் என் பயம் மொத்தத்தையும் மகனுக்கே ஒதுக்கி வைத்திருந்தேன்.

படுத்தது மகள். அடிவயிற்றில் வலி, சிறுநீர் போனால் எரிச்சல். டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள், மனசுக்குள் என் கிட்னி ஒன்றைக் கழற்றி அவளுக்கு வைத்துத் தையலும் போட்டுவிட்டேன்.

"யூரின் இன்ஃபெக்ஷன்தான். மாத்திரையில சரியாயிடும். நீ தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று அவளைக் கேட்டார்.

"பாட்டில் பாட்டிலா குடிக்கிறா மேடம்!" என்று நான் முந்திக்கொண்டேன்.

மகள் தலையைக் குனிந்தாள். "எடுத்துகினுதான் போறேன். குடிக்க மாட்டேன். காலேஜ் பாத்ரூம்ல ஒரு கதவுக்கும் தாழ்ப்பா கெடையாது. யார்னா தொறந்துட்டா? வூட்டுக்கு வர்ற வரைக்கும் அடக்கிக்குவேன்."

வெளியே உட்கார்ந்திருந்த மகனிடம், "நீ இன்னாடா பண்றே?" என்றேன்.

"எனக்கு இன்னா நைனா, சவுக்குத்தோப்பு பூரா நம்மளுதுதான்."

ஊரப்பாக்கத்தில் ஆணி, பூட்டு, தாழ்ப்பாள் விற்கிற கடைக்காரன் நான். என் மகள் ஒரு தாழ்ப்பாள் இல்லாமல் நாள் முழுக்க நாக்கு வறண்டு கிடந்திருக்கிறாள். மறுநாளே கல்லூரி முதல்வரம்மா முன்னால் போய் நின்றேன். பையிலிருந்த தாழ்ப்பாள்களை மேசைமேல் கொட்டினேன். "மேலிடத்துக்கு எழுதிப் போட்டு எழுதிப் போட்டு எனக்கும் அலுத்துப்போச்சு சார்" என்று அவரே வழி காட்டினார்.

சனிக்கிழமை மதியம், மகள் வாசலில் காவல். முதல் கதவில் தாழ்ப்பாளை முடுக்கினேன். சோதித்துப் பார்க்க உள்ளே போய்ப் போட்டேன். போட்டது போட்டபடி இறுகிவிட்டது. திருப்புளி வெளியே. 'பெண்கள் கழிவறையில் வழுக்கைத் தலையர் கைது' என்று மறுநாள் செய்தித்தாளே கண்முன் விரிந்தது. கத்தினேன், கீச்சென்று வந்தது.

வெளியே ஒருத்தி கேட்டாள்: "உள்ள யாருடி?"

"எங்க நைனா. தாழ்ப்பா நிக்குதான்னு பாக்கறாரு."

"எம்மா நேரமாடி பாப்பாரு?"

சிரிப்பு. மகள் திருப்புளியைக் கதவுக்கு அடியில் தள்ளினாள். "நைனா, கத்தாத. மேல் ஸ்க்ரூவ மட்டும் கொஞ்சம் லூஸ் பண்ணு."

வெளியே வந்ததும் வரிசையாக நின்ற பெண்கள் கை தட்டினார்கள். மகள் தாழ்ப்பாளை இழுத்தும் தள்ளியும் பார்த்தாள். முகம் தெளியவில்லை. "நானு உள்ள மாட்டிக்கினா?"

இறுக்கத்தைச் சரிசெய்து, வெண்ணெய் மாதிரி ஓடவிட்டேன். முதலில் அவளே போனாள். நான் வராந்தாவுக்கு நகர்ந்துகொண்டேன்.

வரிசையில் யாரோ கதவைத் தட்டினார்கள். "ஏய், சீக்கிரம் வாடி!"

"இருடி, வர்றேன். இன்னா அவசரம்?" என்றது உள்ளேயிருந்து ஒரு நிதானமான குரல்.

நான் அடுத்த கதவுக்கான தாழ்ப்பாளைப் பிரித்தேன்.