சஃப்

கைப்பேசியில் மகள் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தட்டினாள். 'சஃப்' என்றது குரல். காக்கை இனத்துப் பறவையாம். எனக்கு நாங்கள் வளர்ந்த பிள்ளையார்பாளையத்து நெசவு வீடு நினைவுக்கு வந்து எரிச்சல் மூண்டது.

நனைந்த பட்டு நூல் வாடையடிக்கும் கூடத்தில், அகராதியைப் பார்த்து, ஓ-யு-ஜி-ஹெச் என்று முடியும் பழைய சொற்களை என் அக்கா தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் படிப்பாள். எழுத்து ஒன்றுதான், ஒலிதான் சொல்லுக்குச் சொல் மாறும். பள்ளி உச்சரிப்புப் போட்டியில் இதே சொல்லை 'சஃப்' என்றாள்.

"தப்பு, 'சவ்'" என்று நடுவர் அவளை மேடையிலிருந்து இறக்கிவிட்டார்.

"இன்னும் என்னம்மா இங்கிலீஷ் படிச்சிக்கினு? தறியில உக்காரு" என்றார் அப்பா. அத்தோடு படிப்பு நின்றது.

உடனே அக்காவை அழைத்தேன். "நீ சொன்னதுதான்க்கா சரி!"

"எனக்கு அப்பவே தெரியும்டா. இப்ப அத்த யாருகிட்ட போயி சொல்றது?"