எதிர்க்கடைக்குப் போகச் சொன்னவன்

தி.நகரில் ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் சுயம்புலிங்கத்தின் ஜவுளிக்கடை இருக்கிறது. கல்லாவில் அவர். புடவைகளைப் பார்த்து எடுத்துவருவது மனைவி முத்துலட்சுமி. மிச்சம் எல்லாவற்றுக்கும் மகன் பாலகணேஷ். கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் பழைய மகாபலிபுரம் சாலையில் நான்கு வருஷம் வேலை பார்த்தவன், அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை ஆனபோது "ரெண்டு மாசந்தான்" என்று கடைக்கு வந்தான். பதினோரு வருஷம் ஓடிவிட்டது. இப்போது அவனுக்கு நாற்பது.

வந்த முதல் வாரமே கடைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. யாரோ போட்டுக்கொடுத்திருந்த திருட்டு மென்பொருளோடு வைரஸும் வந்து குடியேறியிருந்தது. பாலகணேஷ் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் போட்டான்.

"எவ்வளவு ஆச்சு?" என்றார் சுயம்புலிங்கம்.

"ஒண்ணும் ஆகலப்பா. எல்லாம் இலவசம்."

"சும்மா குடுக்கவன் எதுக்குல குடுக்கான்?"

"அவனுக்கு உபயோகமா இருந்துச்சு, மத்தவங்களுக்கும் இருக்கட்டும்னு விட்டிருக்கான்."

சுயம்புலிங்கம் ஒரு மாதம் அந்தக் கம்ப்யூட்டரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார். அது ஒரு நாளும் முரண்டு பிடிக்காததால் அதன் பிறகு மறந்துபோனார்.

பாலகணேஷால் மறக்க முடியவில்லை. நல்லதாக ஒன்று கண்ணில் பட்டால் நாலு பேரிடம் சொல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. வேட்டி வாங்க வந்தவரிடம் விளம்பரத்தைத் தடுக்கும் வழி சொல்வான். உள்பாவாடைக்கு அளவு பார்க்கிற அம்மாளிடம், மிக்ஸி ஜாருக்கு ரப்பர் வளையம் மேற்கு மாம்பலத்தில் எந்தக் கடையில் சரியாகக் கிடைக்கும் என்பான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால், சாப்பாட்டு நேரங்களில் இணையத்தில் ஒரு பக்கம் ஆரம்பித்தான். 'நானே பயன்படுத்திப் பார்த்தவை' என்று தலைப்பு. படம் கிடையாது, விளம்பரம் கிடையாது, எழுதியவன் பெயரும் கிடையாது. பழைய எழுத்துருவில் இருக்கும் தமிழை யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி, உடைந்த லேப்டாப் கீலை அடையாறில் அன்வர் பாஷா எவ்வளவு பாந்தமாக ஒட்டவைத்தார், மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் குடைக்குக் கம்பி மாற்றுகிறவர் எத்தனை மணிக்கு வருவார், எல்லாம் அதில் இருந்தது. தன் கையால் ஆறு மாதம் பயன்படுத்தாத எதையும் எழுதமாட்டான். குறை இருந்தால் அதையும் எழுதிவிடுவான்.

அந்தக் குணம்தான் வினையாகப் போனது.

போன வைகாசி மாதம் ஒரு முற்பகல், மயிலாப்பூரில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருக்கும் ஸ்ரீலக்ஷ்மி கடைக்கு வந்தார். தம்பி கல்யாணத்துக்குப் பதினெட்டு வேட்டி வேண்டும் என்றார். கையில் வேறொரு கடையின் பை இருந்ததை சுயம்புலிங்கம் பார்த்துவிட்டார்.

"பட்டும் நம்மகிட்ட இருக்கும்மா. ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க."

"இல்ல சார், வேட்டியும் துண்டும் உங்க கடையில கண்ணை மூடிண்டு வாங்கலாம், பட்டு மட்டும் வேண்டாம்னு போட்டிருக்கு. அதான் பட்டை எதிர்வரிசையில வாங்கிண்டு இங்க வந்தேன்." அவர் செல்போனை நீட்டினார். "எங்க ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் இதைப் பாத்துதான் வாங்குவோம். எங்க பழைய கேள்வித்தாளையெல்லாம் படிக்க முடியாமப் போயிருந்தது. அதைச் சரி பண்ண வழி சொன்னதும் இதை எழுதறவர்தான்."

சுயம்புலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கடைப் பெயர் சரியாக இருந்தது. 'பட்டு வேண்டாம். மடிப்பில் நூல் விடுகிறது. இரண்டு புடவையில் பார்த்தாயிற்று. எதிர்வரிசையில் நான்கு கடை தள்ளிப் போங்கள்.'

ஸ்ரீலக்ஷ்மி வேட்டிகளை வாங்கிக்கொண்டு படியிறங்கும்வரை அவர் பொறுத்துக்கொண்டார். பிறகு வெடித்தார். "எவம்ல இந்தக் களவாணிப் பய? எதிர்க்கடைக்காரன் ஏவிவிட்ட ஆளாத்தான் இருக்கும். போலீஸ்ல எழுதிக் குடுக்கணும்."

கலைந்த வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்த பாலகணேஷ் நிமிராமலே சொன்னான். "நான்தான்பா அது."

சுயம்புலிங்கம் கண்ணாடியைக் கழற்றிக் கல்லாவில் வைத்தார். அவர் கத்தியிருந்தால்கூட பாலகணேஷ் தாங்கியிருப்பான். ஆனால் பட்டு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்த முத்துலட்சுமி, கையிலிருந்த புடவையை மெல்லக் கீழே வைத்தாள். அந்த அலமாரி அவள் ஆசைப்பட்டு வைத்தது. மூன்று வருஷமாக ஆரணிக்கு பஸ் ஏறிப் போய், ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து எடுத்துவருவாள்.

"எத்தன பேரு இதப் படிக்காவ?" என்று கேட்டாள்.

"ஒரு நாளைக்கு ஐந்நூறு அறுநூறு பேர் இருக்கும்மா."

"அத்தன பேருகிட்டயும் சொல்லியிருக்க. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

பாலகணேஷுக்கு முகம் சுருங்கிவிட்டது. நூல் விட்ட அந்த இரண்டு புடவைகளும் அவன் மனைவி அனுப்ரியாவுடையவை. "அத்தை மனசு சங்கடப்படும்" என்று அவள்தான் சொல்லவிடாமல் வைத்திருந்தாள். அவன் அதற்குத் தலையாட்டிவிட்டு, ஊருக்கே சொல்லியிருந்தான்.

"இப்பவே அந்த வரிய எடுத்துடறேம்மா" என்றான்.

"பொய்யா எழுதியிருக்க?"

"இல்ல."

"பெறகு எதுக்கு எடுக்க? என்னை அந்த நாலு கட தள்ளிக் கூட்டிட்டுப் போ."

சுயம்புலிங்கம், "எதிரி கடைக்கா?" என்றார். அவள் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

அங்கே முத்துலட்சுமி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாள். எழுபது புடவையை விரிக்கவைத்தாள். முந்தானையைத் திருப்பி ஜரிகையின் பின்பக்கத்தைத் தடவினாள், மடிப்பை நகத்தால் நீவினாள், வெளிச்சத்தில் பிடித்து நெசவின் நெருக்கத்தைப் பார்த்தாள். கடைசியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். வெளியே வந்ததும், "நம்ம ஆரணி ஆளு நூல்ல இழை குறைச்சுட்டான்" என்றாள். "மூணு வருஷமா நான் கலரைத்தான் பாத்துட்டு இருந்துருக்கேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். முனையில் இருந்த கடையில் இருவரும் நின்று ஆளுக்கு ஒரு பன்னீர் சோடா குடித்தார்கள்.

சுயம்புலிங்கம் மூன்று நாள் மகனோடு பேசவில்லை. நாலாம் நாள் கல்லாவிலிருந்தபடியே, "அந்த லிஸ்ட்ல காலுக்கு மெத்துன்னு செருப்பு எங்க கிடைக்கும்னு இருக்கா?" என்றார். இருந்தது. போய் வாங்கிவந்தார். மிச்சப் பட்டை, குறையைச் சொல்லி விலை குறைத்து விற்று முடித்ததும் அந்த அலமாரியில் செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலைகள் ஏறின. இந்த முறை முத்துலட்சுமி காரைக்குடிக்குப் போய் இரண்டு நாள் தங்கி, தறிக்குப் பக்கத்தில் நின்று பார்த்து எடுத்திருந்தாள்.

"இத உன் லிஸ்ட்ல போடுவியா?"

"ஆறு மாசம் ஆகணும்மா."

"ஆகட்டும். துவைச்சுப் பாரு."

பாலகணேஷின் விதிப்படி தன் கையால் பார்த்ததுதான் கணக்கு. அதனால் அனுப்ரியா வாரம் இரண்டு நாள் கண்டாங்கி கட்டினாள், ஞாயிறுதோறும் மொட்டைமாடிக் குழாயடியில் அவனே உட்கார்ந்து துவைத்தான். "கல்யாணமாகி இத்தன வருஷத்துல என் புடவைக்கு இப்படி ஒரு மரியாதை கிடைச்சதே இல்ல" என்று அனுப்ரியா பக்கத்து மாடிக்குக் கேட்கும்படி சொன்னாள். அவன் ஈரப் புடவையைப் பிழிந்து, வெள்ளைத் துணியில் ஒற்றி, சாயம் விடுகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டான்.

பொங்கலுக்கு மறுநாள் எழுதினான். 'கண்டாங்கி வாங்கலாம். இருபத்தாறு துவைப்புக்குப் பிறகும் கரை சுருங்கவில்லை. இது என் அம்மா எடுத்துவருவது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குறை ஒன்று உண்டு. பச்சை மட்டும் முதல் மூன்று துவைப்பில் சாயம் விடும், தனியாக அலசவும்.'

பதிவேற்றும் முன் அம்மாவிடம் படித்துக் காட்டினான். முத்துலட்சுமி கேட்டுக்கொண்டே செல்போனைக் கையில் எடுத்தாள்.

"அந்தப் பச்சை வரிய எடுக்கச் சொல்லப்போறியாம்மா?"

"நீ போடு" என்றவள், மறுமுனையில் காரைக்குடித் தறிக்காரர் எடுத்ததும் குரலை உயர்த்தினாள். "அண்ணாச்சி, நல்லா இருக்கியளா? அந்தப் பச்சைய என்ன செஞ்சிய?"