சந்தனப் பொட்டின் அடியில்

சத்தியமங்கலத்தில் என் மனைவி பிறந்த வீட்டில் ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. குழல்கள் டமாஸ்கஸ் வகை. இரும்பையும் எஃகையும் கயிறாக முறுக்கி, சுருளாகச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியவை. வெளிச்சத்தில் பிடித்தால் உலோகத்தின் மேல் சுழி சுழியாக ஓடும். சிங்காநல்லூர்க் குளத்தின் மேல் மாலைக் காற்று நடந்துபோன தடம் போல. இன்றும் கண்ணை மூடினால் அந்தச் சுழிகள்தான் முதலில் வருகின்றன. பிறகுதான் மச்சினனின் கை.

நான் ஆலைப் பட்டறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால்தான் மச்சினன் துப்பாக்கியோடு என்னிடம் வந்தான்.

“கடலக்காட்டுல பன்னித் தொல்லைங்க மாமா. வானத்தப் பார்த்து ஒரு வேட்டு போட்டாப் போதும். தாங்குமான்னு சொல்லுங்க. நீங்க படிச்சவரு.”

“படிச்சவருக்குச் சைக்கிள் செயின் மாட்டத் தெரியாது கண்ணு. அவருகிட்டப் போயித் துப்பாக்கியக் குடுக்கறயே!” என்றாள் காபி கொண்டுவந்த என் மனைவி.

குழல்களைக் கழற்றித் தொங்கவிட்டுத் தட்டினேன். நீண்ட, தெளிவான ரீங்காரம். ஒட்டு விட்டிருந்தால் விரிசல் பானை போலச் சத்தம் வரும். உள்ளே பார்த்தேன், குழி இல்லை. வெளியே, கை பிடிக்கும் கட்டைக்குச் சற்று முன்னால், காய்ந்த சந்தனமும் குங்குமமும் தடித்திருந்தன. ஆயுத பூஜைதோறும் என் மனைவி போய்ப் பொட்டு வைக்கும் இடம். அந்த வீட்டில் பழைய பொட்டைத் துடைப்பதில்லை. அதன் மேலேயே புதியதை வைப்பார்கள். துணியை எடுத்தேன்.

“அக்கா வெச்சதுங்க மாமா, அழிச்சுப்போடாதீங்க.”

துணியைக் கீழே வைத்தேன். குழல் சுவரின் தடிமனை அளக்கும் கேஜ் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. திறக்கவில்லை. அந்தக் காலத்துக் கருமருந்துக்காகச் செய்த குழலில், அதைவிட அழுத்தம் கூடிய இக்காலத் தோட்டாவைப் போடக் கூடாது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சுழிகளைப் பார்த்தபடியே “தாங்கும்” என்றேன். அவ்வளவு அழகான ஒன்று உடையும் என்று தோன்றவில்லை.

மூன்றாம் நாள், பொட்டு இருந்த இடத்திலேயே குழல் வெடித்தது. மச்சினனின் இடது கையில் மூன்று விரல்கள் போயின. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். “பீச்சாங்கைதானுங்க மாமா, உடுங்க.”

உடைந்த துண்டை வாங்கிப் பார்த்தேன். ஆண்டுதோறும் சந்தனத்தின் ஈரம் இறங்கி, அடியில் துரு குழலைக் காகிதமாகத் தின்றிருந்தது. வீட்டில் அதைச் சொன்னேன். அதை மட்டும் சொன்னேன்.

அதற்குப் பின் என் மனைவி எதற்கும் பொட்டு வைக்கவில்லை. ஆயுத பூஜையன்று அடுப்படியை விட்டு வரமாட்டாள். ஏன் என்று தெரிந்தும் ஆறு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

இந்த வருடம் சந்தனக் கிண்ணத்தோடு அடுப்படிக்குப் போய், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“கேஜ் எங்க இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“மேசையில. கைக்கு எட்டற தூரத்துல.”

அடுப்பை அணைத்தாள். “இத்தன வருசமா என்ற கையத்தானுங்க நான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

நான் நீட்டிய கிண்ணத்தை அவள் வாங்கவில்லை. தம்பிக்குப் போன் போட்டு, மணி அடித்ததும் என் கையில் கொடுத்தாள்.

“அவங்கிட்டயும் சொல்லுங்க.”