றீற்றாவின் குரலைக் கீழே இறக்கியபோது

இதை எழுதுவதா விடுவதா என்று நாலு வருடம் யோசித்தேன். வலை, மீன் வாடி, வீட்டுச் சண்டை என்று வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களோடு கதைக்கிற எனக்கு இதற்கு மட்டும் கை வரவில்லை. விளங்காததை எப்படி எழுதுவது?

போன கிழமை கோயிலில் என் மனைவி றீற்றா, யேசுவின் பாடுகளைச் சொல்லி அழும் தவக்கால ஒப்பாரி பாடினாள். பாதியில் நான் எழும்பி வெளியே போய்விட்டேன். இனியும் பொத்தி வைக்க ஏலாது.

நாலு வருடத்துக்கு முன் றீற்றாவின் அண்ணன் மகள் டிலானி வந்திருந்தாள். கொழும்பில் சங்கீதம் படிக்கிறவள் – ஆனால் ராகமும் இல்லை, தாளமும் இல்லை. மனிதக் குரலைக் கொம்பியூட்டரில் போட்டு இழுப்பது, நறுக்குவது, தடிக்க வைப்பது. அதுவும் சங்கீதமாம்.

றீற்றாவின் ஒப்பாரியைப் போனில் பதிந்தாள். அடுத்த நாள் போட்டுக் காட்டினாள். ஒரே இரைச்சல்.

"இதுக்கு எங்கட வள்ளத்து மிசின் சத்தமே போதுமே, பிள்ளை."

"பொறுங்கோ மாமா. இப்ப மாமியின்ர குரலைக் கீழ இறக்கிறன்."

ஸ்பீக்கரில் ஓர் ஆம்பிளை பாடினான்.

எங்கள் மகன் அன்ரன்... கடைசி யுத்தத்தில் காணாமல் போனவன். கரையில் நின்று என் வள்ளத்தைக் கூப்பிடுகிற அதே குரல்.

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். ஆவியா? மிசினா?

டிலானியின் கண் கலங்கிவிட்டது. "கொழும்பில இதை மேடையில போடப்போறன். பாடினது எண்டு அன்ரன் மச்சான்ர பேரைப் போடட்டே?"

"ஓம், போடு" என்றேன்.

"வேண்டாம்" என்றாள் றீற்றா. "பாடினது நான். ஒப்பாரியில அவன்ர பேரைப் போட்டால் சனம் மெழுகுதிரி கொளுத்தும்."

செத்தவர்களை நினைக்கிற கல்லறைத் திருநாளில் நாங்கள் அவனுக்குத் திரி கொளுத்துவதில்லை. பிறந்தநாளுக்கு, உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற சுகப்பூசைதான் கொடுக்கிறோம்.

பிறகு என்னிடம் சொன்னாள்: "பயப்படாதேங்கோ. உயிரோட இருக்கிற என்ர தொண்டையில இருந்து வந்ததுதானே."

இது ஆறுதலா, ஏமாற்றா? கோயில் சுவாமியாரைக் கேட்டேன். "செபியுங்கோ" என்றார். செபிக்கிறேன்... எப்படிச் செபிப்பது என்றுதான் தெரியவில்லை.

போன கிழமை கோயிலில் கொம்பியூட்டர் இல்லை. றீற்றா மட்டும்தான் பாடினாள். அவள் குரலுக்கு அடியில் அவனும் பாடினான்.

இதை நீங்கள் யாருக்கும் சொல்வதென்றால் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். முக்கியமாக – அவன் செத்துப்போனான் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.