போறேன் என்று சொல்லாதே

அபுதாபியில் நான் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தபோது, அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க இரண்டு வழிகள் உண்டு என்று எங்கள் அமெரிக்க டீச்சர் சொன்னார். நவம்பரிலேயே விண்ணப்பித்தால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்; ஆனால் கிடைத்தால் போயே ஆகவேண்டும். ஜனவரியில் விண்ணப்பித்தால் கூட்டத்தோடு கூட்டம். ஆனால் பிறகு வேண்டாம் என்றும் சொல்லலாம்.

எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினீயரான அப்பா யோசிக்கவே இல்லை. "முந்திக்கிட்டா சீட்டு. யல்லா, அனுப்பு!" என்று ஊர் அரபியையும் கலந்து அவசரப்படுத்தினார். அம்மாவோ மெட்ராஸ் காலேஜையே பிடித்துக்கொண்டிருந்தாள். "கெடச்சா போயே தீரணும்னா அது படிப்பா, கல்யாணமா?" என்றாள். நான் காலையில் அப்பா கட்சி, சாயங்காலம் அம்மா கட்சி. எனக்கு என்னதான் வேண்டும் என்று யோசித்தால் தலை சுற்றியதுதான் மிச்சம்.

கடைசியில் அப்பா ஜெயித்தார். நவம்பர்தான் என்று டீச்சரிடம் போய் நின்றேன். "இடம் கொடுத்தால் நிச்சயம் போவாயா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் "போறேன்" என்ற சொல்லுக்கே இடமில்லை. கடைக்குக் கிளம்பும்போது அப்படிச் சொன்னால்கூட அம்மா வாசலிலேயே நிறுத்தி, "போயிட்டு வரேன்னு சொல்லுடி" என்பாள். அந்தப் பழக்கதோஷத்தில், "ஐ வில் கோ அண்ட் கம், மிஸ்" என்றேன்.

போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். "அப்படியானால் ஜனவரியே உனக்குச் சரி" என்று அன்பாக முதுகில் தட்டினார். விளக்க வாயெடுத்தேன். ஆனால் விளக்கவில்லை. ஏன் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

அப்பா குதித்தார். "இங்கிலீஷ்லயும் தமிழ்தான் பேசிட்டு வந்திருக்கா, பாரு!" அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டதற்குப் பால் மிச்சமிருந்தது என்றாள்.

ஜனவரியில் விண்ணப்பித்தும் இடம் கிடைத்துவிட்டது. இந்த முறை எந்தக் கட்டாயமும் இல்லை. அதனாலேயே குழப்பம் இரண்டு மடங்கானது. போ என்றோ போகாதே என்றோ அம்மா சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொல்லவில்லை. கோபத்தில் பாதி, ஆசையில் பாதி, வருகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டேன்.

விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு அம்மாவிடம் வந்தேன். "போறேம்மா" என்றேன். வாய் தவறியதா, தெரிந்தே சொன்னேனா, தெரியாது. திருத்துவாள் என்று அப்படியே நின்றேன்.

அம்மா திருத்தவில்லை. "நேரமாச்சு, போ" என்றாள்.