கை படாத வாரம்

எனக்கு வாய் நீளம் என்று அண்ணி சொல்வாள். பன்னிரண்டு வயதில் தாலி அறுத்தவளுக்கு வாயாவது மிஞ்சட்டுமே என்று நான் பதில் சொல்வேன். அதற்கும் சேர்த்து ஏச்சு விழும். அண்ணன் வீட்டுச் சமையற்கட்டுதான் அப்போது எனக்கு உலகம். விசேஷ நாளில் பின்கட்டைத் தாண்டி வரக்கூடாது. யாராவது வெளியூர் கிளம்பினால் எதிரே வந்துவிடக் கூடாது. வாசல் பெருக்குகிறபோது பால்காரன் வந்தால்கூட நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பாவம், அவனுக்குக் கறவை வற்றிவிடுமாம்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. என்னைப் போன்றவர்களுக்கென்று பட்டணத்தில் ஒரு விடுதி நடத்தி வந்தார்கள். என் மாமா ஒருவர் அண்ணனோடு சண்டை போட்டு என்னை அங்கே சேர்த்தார். படித்தேன், வாத்தியார் பயிற்சியும் முடித்தேன். அம்பத்தூரை அடுத்து, கள்ளிக்குப்பம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் கிளாசுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். தகரப்பெட்டியோடு போய் இறங்கினேன்.

பள்ளிக்கூடம் ஊர்ப் பெரிய பண்ணைக்காரருடையது. சர்க்கார் மானியம் வாங்கி நடத்தினார். அவரை மானேஜர் என்பார்கள். "ஒரு வாரம் பாப்போம். ஊரு ஒத்துகினா இருக்கட்டும்" என்று தலைமை வாத்தியாரிடம் சொல்லிவிட்டார். ஊர் ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு அண்ணன் வீட்டு அடுப்படிதான். அந்த அடுப்பின் முன் மறுபடி உட்காருவதைவிட அம்பத்தூர் ஏரியில் இறங்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் ஒரே நீள அறை. ஒரு கோடியில் தலைமை வாத்தியாரும் பெரிய பிள்ளைகளும், மறு கோடியில் நானும் பொடிசுகளும். திங்கட்கிழமை மானேஜரின் சம்சாரம் மகனைக் கொண்டு விட வந்தாள். ஐந்து வயதிருக்கும் அவனுக்கு. ஆண்பிள்ளை, ஆனால் மூக்கில் சின்னதாய் ஒரு மூக்குத்தி. முன்னால் பிறந்ததெல்லாம் தக்காமல் போய் ஒன்று தங்கினால் அதற்கு மூக்குக் குத்திவிடுவது வழக்கம். எமன் பெண் என்று ஏமாந்து போவானாம். அந்தத் தாய் வெறும் நெற்றியும் வெள்ளைப் புடவையுமாக நின்ற என்னைப் பார்த்தாள். பையனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். மத்தியானத்துக்குள் என் கோடி காலியாகிவிட்டது.

தலைமை வாத்தியார் நல்ல மனுஷர், ஆனால் பயந்தவர். சாயங்காலம் வீடு வீடாகப் போய்ப் பேசி ஓர் ஏற்பாட்டோடு வந்தார்.

"பிள்ளைங்கள அனுப்பறாங்களாம்மா. காலையில வந்ததும் சரஸ்வதி படத்த மொதல்ல பாத்துட்டுத்தான் உன் பக்கம் வரணும். அப்புறம்..." என்று இழுத்தார். "கை மட்டும் படக்கூடாதாம்."

சரஸ்வதியும் வெள்ளைப் புடவைதானே கட்டியிருக்கிறாள் என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன். அந்த வாரத்தில் நான் விழுங்கியது கொஞ்சமல்ல.

முதல் எழுத்தை யாரும் கண்ணால் கற்றுக்கொள்வதில்லை. மணலைப் பரப்பி, பிள்ளையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, சுழித்து இழுத்து விட வேண்டும். பத்து முறை இழுத்தால் பதினோராவது முறை விரல் தானே போகும். அந்தக் கையைப் பிடிக்காதே என்றால் நீச்சல் சொல்லிக்கொடு, தண்ணீரில் இறங்காதே என்கிற கதைதான். செவ்வாய்க்கிழமை கரும்பலகையில் பெரிதாக 'அ' எழுதிப் போட்டேன். சிலேட்டுகளில் நத்தை வந்தது, பானை வந்தது, 'அ' மட்டும் வரவில்லை. மூக்குத்திப் பையன் அழுத்தி அழுத்திப் பலப்பத்தை ஒடித்துவிட்டு ஓவென்று அழுதான். கண்ணைத் துடைக்கக் கையை நீட்டிவிட்டேன்.

"டீச்சரம்மா, தொடாத! தொடாத!" என்று மொத்தப் பிள்ளைகளும் அலறின.

சின்னப் பிள்ளைகள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்று என் கையைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு மீதிப் பாடத்தை வாயாலேயே நடத்தினேன்.

மறுநாள் ஒரு யோசனை தோன்றியது. பிள்ளைகள் எழுதிப் பழகுகிற மணலை மாற்றுவதற்காக வேலப்பன்சாவடிப் பக்கம் கூவம் ஆற்றிலிருந்து ஒரு வண்டி மணல் வந்து முற்றத்தில் கொட்டிக் கிடந்தது. அதைப் பரப்பி, ஒரு கழியால் ஆள் நடக்கிற அகலத்தில் 'அ' போட்டேன். "இதுமேல நடங்க. நான் முன்னால போறேன், பின்னாலயே வாங்க" என்றேன். சுழித்துத் திரும்பி, வளைந்து, நேரே இறங்கி ஒரே கும்மாளம். கொஞ்ச நேரத்தில் ஒன்று கவனித்தேன். நடந்து முடித்த ஒவ்வொரு பிள்ளையும் குனிந்து மணலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. எழுத்தில் கால் பட்டுவிட்டதே, அதற்கு மன்னிப்பு. நான் சொல்லவேயில்லை. வீட்டில் அப்படி வளர்த்திருந்தார்கள்.

மத்தியானம் மூக்குத்திப் பையன் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, எட்ட நின்று காட்டினான். கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஆனால் 'அ' தான். நான் வாத்தியார் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

ஒரு தோஷத்துக்குப் பயந்து ஓடினவள் இன்னொரு தோஷத்தில் போய் விழுந்தேன். வியாழக்கிழமை பையன் வரவில்லை. ராத்திரியே காய்ச்சல் கண்டுவிட்டதாம். எழுத்தைக் காலால் மிதிக்க வைத்தால் சரஸ்வதி சும்மா இருப்பாளா என்று ஊர் கேட்டது. மிதிக்க வைத்தவள் யார் என்று அடுத்த கேள்வி. மானேஜர் வந்தார். என் பக்கம் திரும்பாமலே தலைமை வாத்தியாரிடம் பேசினார்.

"வேலில போற ஓணான எடுத்து மடில உட்டுகினோம். சனிக்கிழமையோட அனுப்பிடுங்க."

தலைமை வாத்தியார் என்னிடம் வந்து, "நான் இன்னாம்மா செய்யட்டும்?" என்றார். அவரைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. அதனால் கோபப்படக்கூட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை என் கோடிக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. மணலைக் கூட்டிக் குவித்தேன். பெட்டியைக் கட்டினேன். பையன் எப்படியிருக்கிறான் என்று கேட்கக்கூட எனக்கு வழியில்லை. நான் கேட்டால் அதுவும் கண்ணேறு. தெய்வத்தை நான் வேண்டிக்கொள்வதில்லை, கேட்டு எதுவும் கிடைத்ததில்லை. அன்று வேண்டிக்கொண்டேன். அவன் பிழைக்க வேண்டும் என்றுதான், வேலைக்காக அல்ல. கொஞ்சம் வேலைக்காகவும்தான்.

சனிக்கிழமை அரை நாள். பெட்டியோடு வாசற்படியில் மாட்டுவண்டிக்காகக் காத்திருந்தேன். தெருக்கோடியில் மானேஜர் சம்சாரம் பையனை நடத்திக்கொண்டு வந்தாள். முகம் வற்றியிருந்தான், கண் மட்டும் தெளிவாயிருந்தது. திட்டத்தான் வருகிறாள் என்று எழுந்து நின்றேன். திருப்பித் திட்டுவதற்கும் தயாராகத்தான் இருந்தேன். ஊரைவிட்டுப் போகிறவளுக்கு என்ன பயம்?

அவள் எனக்கு நேரே வந்து நின்றாள்.

"இந்த வாரம் நீ இவன தொட்டியா?"

"இல்லை."

"நெசமா?"

"ஒரு தரம் கை நீட்டினேன். பிள்ளைங்க கத்தினாங்க. எடுத்துக்கிட்டேன்."

"தொடாமயே காச்சலு வந்துச்சி. தொடாமயே எறங்கிச்சி" என்றாள். பையனின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். மறுபடி பேசினபோது குரல் மாறியிருந்தது.

"இவனுக்கு முன்ன மூணு பெத்தேம்மா. மூணையும் தூக்கினது, குளிப்பாட்டினது எல்லாம் பூவும் பொட்டும் வச்சவளுங்கதான். தாலி அறுத்தவ நெயலு கூட உழாம பாத்துகினேன். எங்கம்மாவும் தாலி அறுத்தவதான். பேரப்புள்ளய பாக்கணும்னு பூந்தமல்லிலேருந்து நடந்து வந்தா. உள்ள வராதேன்னுட்டேன். எங்கம்மாவ! மூணு தரமும் தெருவுலயே நின்னு பாத்துட்டுப் பூட்டா." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மூணும் பூடுச்சி. எங்கம்மாவும் பூட்டா."

திருப்பித் திட்டுவதற்கு வைத்திருந்ததையெல்லாம் விழுங்கினேன்.

"எங்கூட்டு மனுசங்கிட்ட சொல்லிட்டேன். நீ எங்கயும் போவ வாணாம்" என்றாள். பையனின் வலது கையை எடுத்து என் பக்கம் நீட்டினாள். "எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கற மாதிரி குடு. கையப் புடிச்சி."

முற்றத்து மணலில் போய் உட்கார்ந்தோம். அந்த விரலைப் பிடித்தேன். காய்ச்சல் விட்ட கை, சில்லென்று ஈரமாயிருந்தது. என் அண்ணன் பிள்ளைகளைக்கூட நான் தொட்டதில்லை. அண்ணி தொட விட்டதில்லை. 'ஆ' எழுத ஆரம்பித்தேன். சுழி ஒழுங்காக வரவில்லை, கோடு எங்கேயோ போயிற்று.

"இன்னா டீச்சரம்மா, கோணலா போவுது?" என்றான் அவன்.

அவன் தாய் குனிந்து பார்த்தாள்.

"அவுங்க கை நடுங்குதுடா. நீ கெட்டியா புடிச்சிக்கோ" என்றாள்.

பிடித்துக்கொண்டான்.